ஆங்கிலத் தாளை வெல்லத் தமிழ் இலக்கணம் உதவாதா?

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். கேள்விக்கு 40 விநாடி. தப்பாகக் குறித்தால் கால் மதிப்பெண் கழியும். கணக்கிலும் ரீசனிங்கிலும் எவ்வளவு வாங்கினாலும், ஆங்கிலத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் கட்-ஆஃபைத் தாண்டாதவருக்கு அடுத்த கட்டம் கிடையாது. எஸ்எஸ்சியின் சிஜிஎல் இரண்டாம் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 135 மதிப்பெண். ஒரு தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். யுபிஎஸ்சி குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குக் கட்டாய ஆங்கிலத் தாள் உண்டு. அதில் 25 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களில் எடுத்தது கணக்கில் வராது. பிரிட்டனுக்கு வேலைக்குப் போக நினைக்கும் செவிலியர் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 எடுத்தாக வேண்டும். எஸ்எஸ்சியின் எம்டிஎஸ் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2023இல் அறிவிப்பு வந்தபோது மகிழ்ந்தோம். ஆனால், அந்தத் தேர்விலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவேதான் இருக்கிறது.

ஆக, ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு இங்கே வேலையில்லை. தேர்வு எழுதுகிறவருக்கு அது வேண்டும். அதை அவருக்கு எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேசையில் கிடக்கும் தடித்த கைடுகளில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 'கன்ஃப்யூசிங் வேர்ட்ஸ்' என்ற தலைப்பில் நூற்றுக்கணக்கான சொல் இணைகள் அகர வரிசையில் அணிவகுத்து நிற்கும். 'அக்செப்ட் – எக்செப்ட்', 'அஃபெக்ட் – எஃபெக்ட்' என்று தொடங்கி வரிசையாகப் போகும். எதிரே ஒற்றை வரியில் பொருள். மனப்பாடம் செய், மாக் டெஸ்ட் எழுது, மறந்துபோ, மறுபடி மனப்பாடம் செய். அகர வரிசை அச்சுக்கோப்பவருக்கு வசதி. படிக்கிறவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஒரு சொல் ஏன் குழப்புகிறது என்ற காரணம் தெரியாமல் அதன் பொருளை மட்டும் உருப்போட்டால், நாற்பது விநாடிக்குள் மூளை தடுமாறத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. இந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு வரும் குழப்பங்கள். 'தேர்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் 'அவர்களுடைய', 'அங்கே' என்ற இரு சொற்களையும் லண்டன் பையன் மாற்றி எழுதுகிறான். அவன் அவற்றை முதலில் காதால் கற்றவன். எழுத்து பிறகு வந்தது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கண்ணால் கற்றவர்கள். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. 'சே'யா 'டெல்'லா, 'சின்ஸ்'ஸா 'ஃபார்'ஆ, 'ரைஸ்'ஸா 'ரெய்ஸ்'ஸா, 'எ'யா 'ஆன்'ஆ 'த'வா? இவற்றில் பல இடங்களுக்கு நமக்குத் தமிழ் வகுப்பிலேயே விடை சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

'எ', 'ஆன்' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று பள்ளியில் படித்தோம். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', உயிர்மெய்க்கு முன் 'ஒரு'. ஆங்கிலத்தில் இருப்பதும் அச்சாக இதே விதிதான். ஆனால், ஆங்கில வகுப்பில் ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்துகளை எழுதிப்போட்டு, அவற்றின் முன் 'ஆன்' வரும் என்று சொல்லிவிடுகிறார்கள். மாணவர் 'யுனிவர்சிட்டி'க்கு முன் 'ஆன்' போட்டு மதிப்பெண்ணை இழக்கிறார். பிறகு அதை விதிவிலக்கு என்று உருப்போடுகிறார். அது விதிவிலக்கே இல்லை. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: யுனிவர்சிட்டி. முதலெழுத்து உயிர்மெய். 'ஒரு யானை' என்பது போல 'எ யுனிவர்சிட்டி'. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' ஆங்கில எழுத்தில் 'ஹெச்'சில் தொடங்கினாலும் தமிழில் உயிரெழுத்தில் தொடங்குகிறது; எனவே 'ஆன் அவர்'. 'ஆனஸ்ட்' அப்படித்தான். எம்எல்ஏ, எஃப்ஐஆர், எஸ்எஸ்சி எல்லாம் 'எ'கரத்தில் தொடங்குவதால் 'ஆன்', யுபிஎஸ்சிக்கு 'எ'. தமிழ் எழுத்து ஒலியை எழுதுகிறது. ஆங்கிலம் கேட்பதும் ஒலியைத்தான். ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை: 'ஒன் ருப்பி நோட்' என்று நாம் எழுதினாலும், அங்கே ஒலிப்பது 'வன்'. ஆகவே 'எ'. கைடில் அரைப் பக்கம் பிடிக்கும் விதிவிலக்குப் பட்டியல் இந்த ஒரு வழியில் ஏறக்குறையக் கரைந்துவிடும்.

'த' எப்போது வரும் என்பது இதைவிடச் சிக்கல். "தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு வராது" என்று ஆசிரியர்களே கைவிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வேறுபாடு தெரியாத தமிழர் இருக்க முடியாது. முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில், நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த, உங்களுக்கும் எனக்கும் தெரிந்த புத்தகம். அஃறிணைப் பெயரில் 'ஐ' உருபு ஏறியதும் பொருள் குறிப்பாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'எ புக்', 'த புக்' செய்யும் வேலையில் ஒரு பகுதியை நம் இரண்டாம் வேற்றுமை செய்கிறது. எழுவாயாக வரும் இடத்தில் இந்த உதவி கிடைக்காது. நதி, மலை, நாட்டுப் பெயர்களுக்கு என்ன போடுவது என்பதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஆனாலும், கேட்பவருக்கு எது என்று தெரியுமா தெரியாதா என்று பார்த்துப் பேசும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் அது அந்நியமாகத் தெரியாது.

'ரைஸ் – ரெய்ஸ்', 'லை – லே' என்ற இரண்டு இணைகளும் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் அடிக்கடி தலைகாட்டுபவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'லை – லே' இணையில் தடுமாறுகிறார்கள். தமிழருக்கு அதில் தடுமாற்றம் வரவே கூடாது. தன்வினை, பிறவினை படித்தோமே! எழு – எழுப்பு, கிட – கிடத்து, திரும்பு – திருப்பு, ஓடு – ஓட்டு, அடங்கு – அடக்கு, நிரம்பு – நிரப்பு. தானாக நடப்பது ஒன்று, இன்னொருவர் நடத்துவது இன்னொன்று. பழைய ஆங்கிலத்திலும் அதன் உறவு மொழிகளிலும் இப்படி வினைச்சொல்லின் வடிவத்தை மாற்றிப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அது செத்துப்போய், விழு – வீழ்த்து என்பதற்கு நிகரான 'ஃபால் – ஃபெல்' போல நாலைந்து இணைகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. அவர்களுக்கு அது விளங்காத பழம்பொருள். நமக்கு அன்றாடப் பேச்சு. 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் 'ரெய்ஸ்', 'லே'. கிடைக்காவிட்டால் 'ரைஸ்', 'லை'. விலை ஏறியது என்றால் 'ரோஸ்'. விலையை ஏற்றினார்கள் என்றால் 'ரெய்ஸ்ட்'. ஒரே ஒரு பொறி: 'லை' என்ற சொல்லின் இறந்தகாலமும் 'லே'தான். கேள்வி தயாரிப்பவர் அங்கேதான் காத்திருப்பார். "நேற்று முழுவதும் படுக்கையில் கிடந்தான்" என்பதற்கு 'லே' சரி, 'லெய்ட்' தவறு. அந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

வேற்றுமை உருபுகளைக் கையில் வைத்துக்கொண்டால் 'ப்ரெபொசிஷன்' கேள்விகளில் பாதி பிடிபட்டுவிடும். 'சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்று நினைப்பவர் 'ரீச்ட் டு சென்னை' என்று எழுதுகிறார். 'ரீச்' என்பதற்குச் சேர் என்று பொருள் வைத்ததால் வந்த வினை. 'அடை' என்று வைத்துக்கொள்ளட்டும். 'சென்னையை அடைந்தோம்', உருபு 'ஐ'. அங்கே 'டு'வுக்கு இடமே இல்லை. 'அவளோடு திருமணம்' என்று நினைத்தால் 'மேரீட் வித்' என்று வரும். 'அவளை மணந்தான்' என்று நினைத்தால் வராது. 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழை 'பற்றி விவாதித்தோம்' என்பதிலிருந்து வருகிறது. 'பிரச்சினையை அலசினோம்' என்று வைத்துக்கொண்டால் 'அபவுட்' தானே உதிர்ந்துவிடும். ஆங்கில வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் சரியான உருபு ஏற்கும் தமிழ் வினையைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் நல்ல கைடு செய்ய வேண்டிய வேலை.

சில இடங்களில் தமிழ் காலை வாரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'என்னைவிட மூத்தவர்' என்று சொல்லிப் பழகிய நமக்கு 'சீனியர் தேன் மீ' என்று வருவது இயல்பு. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஐந்தும் லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவிலேயே வந்த சொற்கள். அவை 'டு' கேட்கும். 'காபியைவிட டீ பிடிக்கும்' என்ற நினைப்பில் 'ப்ரிஃபர்' என்பதற்குப் பின் 'தேன்' போடுவதும் இதே இனம்.

காலம் காட்டும் சொற்களில் தமிழ் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. '2019 முதல்' என்றால் 'சின்ஸ்'. 'ஐந்து ஆண்டுகளாக' என்றால் 'ஃபார்'. 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் 'அன்டில்'. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை'. இதில் குழப்பமே இருக்கக் கூடாது. ஆனால், 'ஐந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அங்கே 'ஹேவ் பீன் லிவிங்' வேண்டும். 'பார்த்திருக்கிறேன்' என்பது 'ஹேவ் சீன்' என்பதற்கு நேர் என்று ஆசிரியர் சொல்லித்தருகிறார். சரி. ஆனால், 'போன மாதம்கூட அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'லாஸ்ட் மன்த்' என்று ஒரு நாளையோ மாதத்தையோ சுட்டிவிட்டால் 'ஹேவ் சீன்' நுழைய முடியாது, 'சா' மட்டும்தான். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாததால் மதிப்பெண் போனவர்கள் ஏராளம். எதிர்மறைக் கேள்விக்குப் பதிலும் இப்படித்தான். 'நேற்று வரவில்லையா?' என்றால் நாம் 'ஆமாம், வரவில்லை' என்கிறோம். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் அதை 'யெஸ்' என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் குழம்பிப்போவார். அங்கே 'நோ'தான்.

ஒரே தமிழ்ச் சொல் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களாகப் பிரியும் இடங்களை நம் கைடுகள் கண்டுகொள்வதே இல்லை. 'கேள்' என்ற ஒன்று ஆஸ்க், ஹியர், லிசன் என்று மூன்றாகிறது. 'பார்' என்பது சீ, லுக், வாட்ச். 'நிழல்' என்றால் வெயிலுக்கு ஒதுங்கும் 'ஷேட்' ஒன்று, சுவரில் விழும் உருவமான 'ஷேடோ' ஒன்று. 'சொல்' என்பது 'சே'யும் 'டெல்'லும். யாரிடம் சொன்னார் என்பது 'டு' இல்லாமல் ஒட்டி வந்தால் 'டெல்' என்று நினைவில் வைத்தால் போதும். லண்டன் பையனுக்கு இவற்றில் எந்தக் குழப்பமும் இல்லாததால் அங்கிருந்து வந்த பட்டியலில் இவை இல்லை. அதை அப்படியே எடுத்து அச்சிட்ட நம்மூர்ப் பட்டியலிலும் இல்லை.

ஒலியால் வரும் குழப்பத்துக்குத் தமிழ் உதவாது. நின்ற இடத்தில் நிற்பதைக் குறிக்கும் சொல்லையும், காகிதம் பேனா விற்கும் கடைச் சரக்கையும் இந்தக் கட்டுரையில் 'ஸ்டேஷனரி' என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். பரிசும் விலையும் நம் வாயில் 'ப்ரைஸ்'. ஆங்கிலத்தில் முன்னதன் முடிவில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வு உண்டு. 'அட்வைஸ்' பெயராக வரும்போது 'சி', வினையாக வரும்போது 'எஸ்'. 'டிவைஸ்' அப்படித்தான். 'ப்ராக்டிஸ்' மட்டும் பிரிட்டிஷ் எழுத்தில் இப்படிப் பிரியும், அமெரிக்க எழுத்தில் இரண்டுக்கும் 'சி'. ஐஇஎல்டிஎஸ் கேட்டல் பகுதியில் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும் என்பதால், இந்த வகையை மட்டும் எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

தேர்வு நடத்துகிறவர்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் என்றால் 'ஈச் அதர்', அதற்கு மேல் என்றால் 'ஒன் அனதர்' என்ற விதியை வைத்து இன்றும் கேள்வி கேட்கிறார்கள். அந்த வேறுபாட்டுக்குப் பழைய வழக்கிலும் ஆதாரமில்லை, இன்றைக்குப் பயனுமில்லை என்று ஃபௌலர் 1926இல் தன் ஆங்கில வழக்கு அகராதியில் தள்ளிவிட்டார். ஆங்கில இலக்கணத்தின் காவலர் என்று பெயரெடுத்தவரே கைவிட்ட விதி இங்கே விடைக்குறிப்பில் உயிரோடிருக்கிறது. 'பிட்வீன்' இரண்டுக்கு, 'அமங்' அதற்கு மேல் என்பதும் இதே கதை. மூன்று நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் என்றால் நல்ல ஆங்கிலத்தில் 'பிட்வீன்'தான் வரும். 1930களில் வெளிவந்த ரென் – மார்ட்டின் இலக்கணத்தை மாணவர் படிப்பதில் தவறில்லை. ரென் இந்தியாவில் கல்விப் பணியில் இருந்தவர், 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவர், புத்தகமும் கட்டுக்கோப்பானது. ஆனால், கேள்வி தயாரிப்பவரும் அதற்குப் பிறகு எதையும் படிக்காமல் இருப்பது அநியாயம். எஸ்எஸ்சி உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. இத்தகைய கேள்விகளுக்கு ஆங்கில ஆசிரியர்களும் பயிற்சி மையங்களும் முறையாக ஆட்சேபம் எழுப்பலாமே! அதுவரை மாணவர் விடைக்குறிப்பு எதிர்பார்க்கும் விதியைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வேலையில் சேர்ந்த அன்றே மறந்துவிடலாம்.

தாய்மொழியோடு ஒப்பிட்டுப் படிப்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ 1957இலேயே இதற்கென்று ஒரு நூல் எழுதினார். பிறகு வந்த ஆய்வுகள் அவர் சொன்னதைத் திருத்தவும் செய்தன. பிழைகள் எல்லாவற்றுக்கும் தாய்மொழி காரணமில்லை. 'ஹி கோஸ்' என்பதில் கடைசி 'எஸ்'ஸை விடுவது உலகெங்கும் ஆங்கிலம் கற்பவர்கள் செய்வது. நியாயம்தான். திணை, பால், எண், இடம் பார்த்து 'வந்தான், வந்தாள், வந்தது' என்று சொல்லும் தமிழரும் அந்த ஒற்றை 'எஸ்'ஸை விட்டுவிடுகிறாரே! எனவே தமிழை எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று நான் விற்கவில்லை. "ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசி" என்பவர்களின் பேச்சிலும் பொருள் உண்டு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை நேரடியாகப் போதிக்காமல், வரைபடம் பார்த்து வழி சொல்வது, ரயில் கால அட்டவணையில் கணக்குப் போடுவது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் செய்யவைத்தார். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் கருத்து. உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படும் இந்தப் 'பெங்களூரு திட்டம்' நம் வகுப்பறைகளில் தங்கவில்லை. பத்து வயதில் அந்த வாய்ப்பு கிடைக்காத ஒருவர், இருபத்திரண்டு வயதில் தேர்வு அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவரிடம் ஏற்கெனவே உள்ள தமிழ் இலக்கணத்தை விட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து வா என்பது காலத்தை வீணடிப்பது.

வாசிப்பும் வேண்டும். க்ளோஸ் டெஸ்ட், காம்ப்ரிஹென்ஷன் இரண்டும் பட்டியல் மனப்பாடத்துக்கு மசியாது. ஆனால், தமிழ்வழியில் படித்து வந்தவரிடம் முதல் நாளே ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கத்தைப் பயிற்சி மையங்கள் நிறுத்த வேண்டும். அது ஆளை விரட்டும் வேலை. விளையாட்டுப் பக்கம், ஊர்ச் செய்தி, முந்தைய நாள் தமிழில் படித்த அதே செய்தியின் ஆங்கில வடிவம் என்று தொடங்கட்டும். தலையங்கம் ஆறு மாதம் கழித்து வரட்டும்.

இரண்டு துறைகள் மனம் வைத்தால் காரியம் நடக்கும். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்கு அரசே பயிற்சி தருகிறது. பாடநூல் கழகத்திடம் அச்சகமும் விநியோகமும் இருக்கின்றன. தமிழாசிரியர் இருவரையும் ஆங்கில ஆசிரியர் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு – ஓர் முதல் தன்வினை – பிறவினை வரை தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போகும் 200 பக்க நூல் ஒன்றை எழுதவைக்க வேண்டும். குறைந்த விலைக்கு அதை எல்லா மாவட்ட நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அடுத்த தேர்வு அறிவிக்கை வருவதற்குள் இதைச் செய்து முடிக்கலாம்.